வர்மம் இல்லாத கை

"வர்மம் இல்லாத கையி அக்காவுக்குத்தான். மொத வளையலை அவியளே போடட்டும்."

தன் மகளின் வளைகாப்பில் செல்வி இப்படிச் சொன்னதும் எனக்கு வியர்த்துவிட்டது. மனதில் பகை வைத்துக்கொள்ளாதவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். மும்பை திலக் நகரில் செல்வி எனக்கு எதிர்வீட்டுக்காரி. போன வருஷம் மாடிப்படியில் நாலு பேர் கேட்க, "உங்க மவன் குடிச்சிட்டு வாரான்" என்றாள். நான் சிரித்துக்கொண்டே உள்ளே வந்துவிட்டேன். இன்றுவரை அது ஆறவில்லை.

நான் சிறுமியாக இருந்தபோது, தாராவியில் என் அம்மாவுக்கு வர்மம் இல்லாதவள் என்ற பெயர் இருந்தது. குழாயடியில் ஈரச் சிமெண்டு வாடையும் குடங்கள் முட்டிக்கொள்ளும் சத்தமுமாக இருக்கும். ஒருநாள் பக்கத்து வீட்டு அத்தை எங்கள் குடத்தை எட்டி உதைத்தாள். அம்மா கத்திய கத்தில் சந்தே கூடிவிட்டது. சாயங்காலம் அதே அத்தைக்குக் காய்ச்சல் என்றதும் ரசம் வைத்துக் கொடுத்துவிட்டாள்.

"ஒனக்கு ரோசமே கெடையாதாம்மா?" என்று கேட்டேன்.

"அதான் குழாயடியிலயே கத்தித் தீத்துட்டேம்லா. வீட்டுக்கு வேற தூக்கிட்டு வரணுமாக்கும்?"

நான் யாரிடமும் கத்தியதே இல்லை. அதனாலேயே எனக்கும் அந்தப் பெயர் கிடைத்துவிட்டது. இந்தக் கை பட்டு, வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

"கை சுளுக்கிக் கெடக்கு செல்வி, நீயே போடு" என்றேன்.

"மொதல்லயே சொல்லப்படாதாக்கா?" என்று செல்வி வளையல் தட்டைக் கீழே வைத்தாள். உள்ளே போய்த் தைலம் எடுத்துவந்து, அத்தனை பேர் முன்னாலும் என் மணிக்கட்டை நீவிவிட ஆரம்பித்தாள்.