உறைக்குள் போன கையெழுத்து

2008-இல் கருக்கலைப்புப் பயிற்சி முடித்துத் திரும்பும்போது ஒரே அரசு ஆஸ்பத்திரியின் டாக்டர் கிரேசியும் டாக்டர் ஞானசிங்கும் பஸ்ஸிலேயே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்.

"நான் மட்டும் செய்தா ஊரு எனக்கு ஒரு பேரு வச்சிரும், தம்பி."

"பேடிக்காதீங்க அக்கா, பயம் எதுக்கு? வச்சா ரெண்டு பேருக்கும் சேத்துத்தான்."

ஞானசிங் நல்ல மனிதர். மறுமாதமே அவருக்குச் சபைக் கமிட்டிப் பதவி வந்தது, மனசாட்சியும் வந்தது. எது முந்தி வந்தது என்பது கர்த்தருக்குத்தான் தெரியும். கையால் தொடமாட்டேன், கையெழுத்து வேண்டுமானால் போடுகிறேன் என்றார். பன்னிரண்டு வாரம் தாண்டிய கர்ப்பத்துக்கு இரண்டு டாக்டர்கள் ஒப்பமிட வேண்டும் என்பது சட்டம். ஒப்பமிட்ட தாளை உறையிலிட்டு ஒட்டி, 'இரகசியம்' என்றெழுதி, கிரேசியின் அலமாரியில் பூட்டிவிடுவார்கள். பூட்டப்படுகிற தாளென்றால் ஞானசிங்கின் பச்சை மை தாராளமாக ஓடும்.

மூன்று வருஷம் இப்படியே ஓடியது. கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டும் முத்துக்கனி வந்தாள். இதய வால்வில் பழுது, பதினான்காவது வாரம், பெற்றால் பிழைக்கமாட்டாள். இரண்டு ஒப்பம், ஓர் உறை. பிழைத்தாள். புருஷன் வீட்டில் தானாகக் கலைந்ததாகச் சொல்லிக்கொண்டாள்.

மறுவாரம் விசாரணை அதிகாரி வந்தார். கருக்கலைக்கிறார் என்று கிரேசியை மாற்றச் சொல்லி ஊர் மனு. சபையில் உரக்க வாசித்து எல்லோரும் ஒப்பமிட்டது. முதல் ஒப்பம் பச்சை மை.

கிரேசி நேரே ஞானசிங்கின் அறைக்குப் போனார்.

"ஏலே, முத்துக்கனிக்குப் போட்ட அதே பேனாவா?"

"கமிட்டிக்காரன் போடலேன்னா ஊரு என்ன நெனைக்கும், அக்கா? இது ஊரு பாக்கப் போட்டது. நம்ம தாளை யாரு பாக்கப் போறா?"

விசாரணையில் அதிகாரி கேட்டார்: "இந்தக் கருக்கலைப்புல வேற டாக்டரும் உண்டா? உண்டுன்னா எழுத்துல காட்டணும்."

அலமாரிச் சாவி கிரேசியின் கைப்பையில் கிடந்தது. ஓர் உறையைக் கிழித்தால் போதும். ஞானசிங்கின் பெயர் வெளியே வரும். அதற்கு மேல்வரியில் முத்துக்கனியின் பெயரும் வரும்.

"நான் மட்டும்தான்" என்றார்.

மாற்றலாகிப் புது ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று ஒரு படிவம் நீட்டினார்கள். 'கருக்கலைப்புப் பயிற்சி பெற்றவரா?' என்றொரு கேள்வி. கிரேசி 'இல்லை' என்று எழுதினார். அவருக்கும் பச்சை மைதான்.