தாண்டிப் படித்த பத்தி

எம்.ஏ. வகுப்பில் கிரேக்கத் துன்பியல் நாடகம் நடத்திய பேராசிரியரை எனக்குக் கண்டாலே ஆகாது. ராஜாவோ பிரபுவோ விழுந்தால்தான் துன்பியலாம். கெட்டவனாக இல்லாத ஒரு பெரிய மனிதன் ஒரே ஒரு பிழை செய்வானாம், அதிலிருந்தே எல்லாம் தலைகீழாகுமாம், கடைசியில் உண்மை அவனுக்கே தெரியவருமாம். "கூலிக்காரன் விழுந்தா சார்?" என்று கேட்டேன். "அன்னாடங்காய்ச்சி எங்கம்மா விழறது? அவன் ஏற்கெனவே தரையிலதான இருக்கான்" என்றார். வகுப்பே சிரித்தது. என் அப்பா கூலிக்காரர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வருஷம்தான் கோடியக்கரைப் பக்கமிருந்து இறால் பண்ணைக்காரர்கள் வயலைக் குத்தகைக்குக் கேட்டு எங்கள் ஊருக்கும் வந்தார்கள். மிராசுதார் வயலில் காலமெல்லாம் உழைத்த அப்பா பெயருக்கு அப்போதுதான் ஒரு துண்டு நிலம் வந்திருந்தது. தெருவில் இன்னும் நாலு வீட்டுக்கும் அப்படியே. ஆற்றில் தண்ணீர் இல்லை, நாற்றெல்லாம் கருகிவிட்டது. எங்கள் தெருவில் பத்திரம் என்றால் ஒருவர் உரக்கப் படிக்க, எல்லோரும் கேட்ட பிறகுதான் கைநாட்டு. "எம்பொண்ணு படிப்பா" என்று அப்பா அஞ்சு வீட்டாரையும் கூட்டிவிட்டார்.

மகாராணி மாதிரி உட்கார்ந்து படித்தேன். ஷரத்து, பாத்தியதை, பராதீனம் என்று ஒரு பத்தி வந்தது. ஒரு மண்ணும் புரியவில்லை. கிரேக்கரைப் பற்றி இங்கிலீஷில் பக்கம் பக்கமாக எழுதுகிறவள், தமிழ்ப் பத்திரம் விளங்கவில்லை என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? "இது எல்லாப் பத்திரத்துலயும் எழுதுறதுதான்" என்று தாண்டிவிட்டேன். எல்லோரும் மை தொட்டுக் கைநாட்டு வைத்தார்கள்.

குத்தகை முடிந்ததும் நிலத்தை இருக்கிற நிலையில் ஒப்படைப்பார்கள், மண் கெட்டது என்று யாரும் கேட்கக்கூடாது. அந்தப் பத்தியில் இருந்தது அதுதான். மூன்றாம் வருஷம் பண்ணைக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். இறாலுக்குத் தேக்கிய உப்புத்தண்ணீரால் வயல் முழுக்க உப்புப் பூத்துக் கிடந்தது, புல்கூட முளைக்கவில்லை. வந்து பாரய்யா பேராசிரியரே, தரையில் இருக்கிறவன் எப்படி விழுகிறான் என்று!

அந்த அஞ்சு வீட்டில் ஒன்றான பக்கத்து வீட்டு அக்காவின் புருஷன் துபாயில் கட்டட வேலையில் இருந்தார். அவள் எங்கள் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள்.

"படிச்சவ படிச்சவன்னு தலையில தூக்கி வச்சு ஆடுனீங்களே மாமா! எங்க வயித்துல அடிச்சிட்டாளே பாவி!"

அப்பா கைகூப்பினார். "எம்பொண்ணு சரியாத்தாம்மா படிச்சா. என் மரமண்டைக்குத்தான் ஏறல."

நான் கதவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். கடைசியில் தெரியவர எனக்கு என்ன இருந்தது? புரியாமல்தான் தாண்டுகிறேன் என்று படித்த அன்றைக்கே தெரியும். துன்பியல் பார்த்து இரக்கமும் பயமும் பொங்கினால் மனசு கழுவின மாதிரி ஆகிவிடுமாம், அதுவும் அந்தப் பேராசிரியர் சொன்னதுதான். நாசமாய்ப் போக, எனக்கு ஒன்றும் கழுவவில்லை.

அடுத்த வாரம் தாலுகா ஆபீசிலிருந்து நிலம் சம்பந்தமாக ஒரு கடிதம் வந்தது. நான் வாசலில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்பா உறையைப் பிரித்தார், என்னை ஒருமுறை பார்த்தார், சட்டையை மாட்டிக்கொண்டு ரேஷன் கடைக்காரரிடம் படித்துக் காட்டச் சொல்லக் கிளம்பிப் போனார்.