பாலக்காடு என்று சொல்வோம்

மட்டாஞ்சேரியில் யாராவது எங்களிடம் "நாட்டில எவிடெயா?" என்று சொந்த ஊரைக் கேட்டால் பாலக்காடு என்று சொல்வோம். நாங்கள் கம்பத்துப் பக்கத்து ராவுத்தர்கள். என் கணவர் கல்யாணத்துக்கு முன்பே இங்கே வந்து வெங்காயக் கடை போட்டுவிட்டார். நான் பி.ஏ. முடித்த கையோடு வந்து சேர்ந்தேன். வந்த வாரமே அவர் சொல்லித் தந்தது இதுதான். பாலக்காட்டிலும் தமிழ் பேசும் ராவுத்தர்கள் உண்டு, ஆனால் அது கேரளத்துக்குள் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் நம் மலையாளத்தில் அடிக்கும் தமிழ் வாடைக்குக் காரணம் கிடைத்துவிடும், வாடகைக்கு வீடும் கிடைத்துவிடும். கம்பம் என்று சொன்னால், தமிழர்களை இளக்காரமாகச் சொல்லும் 'பாண்டி' என்ற சொல் வரும். பெரும்பாலும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். அதற்குத் திரும்பச் சிரிப்பதில்தான் அலுப்பு.

எங்கள் சந்தில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பாதி, திண்டுக்கல்லானாலும் தென்காசியானாலும், பாலக்காட்டுக்காரர்கள்தான். எங்களுக்குள் கேலியும் உண்டு. "பாலக்காட்டுல நீங்க எந்தப் பக்கம்?" என்று ஒருவர் கேட்பார். "பெரியகுளம் பக்கம்" என்பார் மற்றவர்.

என் மகன் இங்கேயே பிறந்தவன். தமிழ் பேசுவான், வாசிக்கத் தெரியாது. மட்டாஞ்சேரி என்று சொன்னால் அவனுக்கு அது பொய்யே இல்லை. ஆனால் அதோடு விடமாட்டார்கள், அப்பாவின் ஊரைக் கேட்பார்கள். அந்த இரண்டாவது கேள்விக்குப் பயந்து, பள்ளிக்கூடத்திலிருந்தே அவனும் முதல் கேள்விக்குப் பாலக்காடு என்று சொல்லிப் பழகிவிட்டான். அந்த ஊரை அவன் ரயில் சன்னல் வழியாகக்கூடப் பார்த்ததில்லை.

ஐ.டி.ஐ. முடித்ததும் நகரத்துக்கு வெளியே ஏலூரில் ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தான். தினமும் போய்வருவது கஷ்டமாக இருக்கிறதென்று பக்கத்தில் ஒரு அறை தேடினான். மழைக்காலத்தில் ஒருநாள் சாயங்காலம் அப்படி ஓர் அறையைப் பார்க்கத்தான், ஏலூருக்கு முன்னால் ஒரு நிறுத்தத்தில் இறங்கியிருக்கிறான். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருந்த ஒரிசாக்காரரும் அங்கேயே இறங்கினார். பெயிண்ட் வேலைக்கு வந்தவர், வழி தெரியாது. இவனுக்குக் கொஞ்சம் இந்தி வரும். இருவரும் பேசிக்கொண்டே நடந்திருக்கிறார்கள்.

சற்று முன்னால் அந்தத் தெருவில் ஒரு வீட்டுச் சன்னலில் சார்ஜ் போட்டிருந்த போன் காணாமல் போயிருந்தது. ஆட்கள் கூடி நின்றிருந்தார்கள். பையோடு வந்த இருவரையும் மறித்தார்கள். ஒருவருக்கு இந்தி தவிர எதுவும் வரவில்லை. என் மகனிடம் ஊரைக் கேட்டார்கள். மட்டாஞ்சேரி என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களோ என்னவோ. பயத்தில் வாய் பழகியதைத்தான் சொல்லும். பாலக்காடு என்றான்.

கூட்டத்தில் ஒருவருக்குப் பாலக்காட்டில் பெண் எடுத்த வீடு. அங்கே எந்த இடம் என்று கேட்டார். டவுன் என்றான். டவுனில் எங்கே என்றார். இவன் மறுபடியும் டவுன் என்றான். சட்டைப்பையிலிருந்து ஆதார் அட்டையை உருவிப் பார்த்தார்கள், மட்டாஞ்சேரி என்று இருந்தது. சொந்த ஊரைப் பற்றியே பொய் சொல்கிறவன் எதைத்தான் திருடமாட்டான் என்று யாரோ சொல்ல, முதல் அடி அப்போதுதான் விழுந்தது.

இருவரையும் போலீஸில் ஒப்படைத்துவிட்டார்கள். ஸ்டேஷனுக்கு நானும் என் கணவருமாகப் போனோம். மகன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், இடது காது வீங்கிச் சிவந்திருந்தது. கீழே, சுவரோரமாகத் தரையில் அந்த ஒரிசாக்காரர் குத்தவைத்திருந்தார். கால்சட்டை முழுக்கப் பெயிண்ட் துளிகள். எங்கள் மகனை அழைத்துப் போகலாம் என்றார்கள். அவரை இன்னும் விசாரிக்க வேண்டுமாம். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. என் பிள்ளையின் காதை மட்டும் பார்த்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள் காலையில் அந்தப் பகுதியிலிருந்து ஒரு பெரிய மனிதர் பைக்கில் வந்தார். கையில் ஆப்பிள் பை. மரியாதையாகப் பேசினார். சாயா போட்டுக் கொடுத்தேன்.

"சேச்சி, பிள்ளேருக்கு ஒரு தெற்று பற்றிப்போயி" என்றார். பையன்களுக்குத் தவறு நேர்ந்துவிட்டது என்கிறார். "பெங்காளியாணெந்நு விசாரிச்சு. நம்மட பையனாணெந்நு அறிஞ்ஞில்ல."

வங்காளி என்று நினைத்துவிட்டார்களாம், நம்ம பையன் என்று தெரியவில்லையாம். இத்தனை வருஷத்தில் இந்த ஊர்க்காரர் ஒருவர் வாயிலிருந்து 'நம்ம பையன்' என்று வந்தது அன்றைக்குத்தான். என் கணவரின் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். எனக்கும் மூச்சு வந்தது. கேஸ் ஒன்றும் வேண்டாம் சேட்டா என்று என் கணவர் வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

உள்ளறையிலிருந்து மகன் வந்தான்.

"அத்தா, அந்த ஆளு என்கூட பஸ்ல இருந்தாரு. ஹைகோர்ட் ஸ்டாப்புல ஏறினாரு. போன் போன நேரத்துக்கு நாங்க ரெண்டு பேரும் பஸ்லதான் இருந்தோம்."

"சரி, போலீஸ் கண்டுபிடிச்சுக்கும்."

"எப்படிக் கண்டுபிடிக்கும்? நான் சொன்னாத்தான தெரியும்."

"நேத்தே சொல்ல வேண்டியதுதான?"

அவன் ஆப்பிள் பையை ஒரு ஓரமாகத் தள்ளி வைத்தான். "நேத்து அவர் யாருன்னே தெரியாதுன்னு சொன்னேன். அவங்க அவரை அடிக்கும்போதும் அதையேதான் சொன்னேன். இவன்கூட நான் வரலைன்னு."

"தெரியாதுதான? உண்மையத்தான சொன்ன?"

"உண்மைதான் அத்தா."

"அப்ப விடு. நீ போய் சாட்சி சொன்னா அடிச்சவன் பேரெல்லாம் வெளிய வரும். தினம் அந்த வழியாத்தான் நீ வேலைக்குப் போகணும். ஒரு காது போதாதா, இன்னொண்ணும் கொடுக்கணுமா? நாம இங்க பொழைக்க வந்தவங்க."

"நான் வரல. நான் இங்க பிறந்தவன்."

 கடைச் சாவியை எடுத்துக்கொண்டவர் கிளம்பாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் வந்த காலத்தில் காலை நேரங்களில் ஜங்ஷன்களில் வேலைக்குக் காத்து நின்றவர்கள் நம் ஆட்கள்தான். ஒரு குடம் காணாமல் போனால் முதலில் அவிழ்த்துப் பார்ப்பது தமிழச்சியின் மூட்டையாகத்தான் இருக்கும். இப்போது அந்த இடங்களில் ஒரிசாவும் அஸ்ஸாமும் நிற்கின்றன. எந்த மாநிலமானாலும் இங்கே பெயர் பெங்காளிதான். நாங்கள் ஒரு படி ஏறிவிட்டோம். போன வருஷம் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் மாடி அறை காலியானபோது, பெங்காளிகள் வேண்டாம் என்று புரோக்கரிடம் நாங்களே சொன்னோம். வீட்டுக்கார அம்மாவுக்கும் அதில் திருப்தி. அவருடைய மகன் இங்கிலாந்தில் இருக்கிறான். அங்கே வீடு கேட்டுப் போனால் பெயரைக் கேட்டதும் இல்லை என்கிறார்களாம். அதை என்னிடம் சொல்லி அவர் அழுதபோது நானும் கூடச் சேர்ந்து வருத்தப்பட்டேன். மாடி அறை எங்கள் இருவர் நினைவிலும் வரவில்லை.

மகன் சட்டை மாட்டிக்கொண்டு வந்தான். நான் பர்தாவை எடுத்தேன்.

"நீயுமா?" என்றார் என் கணவர்.

"தனியா அனுப்ப முடியாதுங்க."

அதை அவர் துணிச்சல் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். எனக்கு இருந்தது பயம் மட்டும்தான். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. அவன் அதே வேலைக்குத்தான் போகிறான். அறை எடுக்கவில்லை. இடது காதில் ஒரு இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கிறது என்கிறான். பஸ் ஏறியதும், இறங்கியதும் எனக்குச் சொல்ல வேண்டும். சொல்ல மறந்தால் நான் கூப்பிடுவேன். எரிச்சலோடு எடுத்து, "உயிரோட இருக்கேன்மா" என்பான்.

அன்று ஸ்டேஷனில் சாயங்காலம்வரை உட்காரவைத்த பிறகுதான் மகன் சொன்னதை ஒரு போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். நேற்றே சொல்லியிருக்கலாமே என்றார், அதட்டாமல். பஸ்ஸின் பெயரைக் கேட்டு யாரிடமோ போனில் பேசினார். கண்டக்டருக்கு இருவரையும் நினைவிருந்தது. சரி, நீங்கள் போகலாம், அவனையும் விட்டுவிடுகிறோம் என்றார். யார் அடித்தது என்று அவர் கேட்கவில்லை. எங்கே சொல்லிவிடுவானோ என்று நான் மகனின் முழங்கையைப் பிடித்தபடியே இருந்தேன். அவன் சொல்லவில்லை.

வெளியே வந்து எதிர்ப்புறம் பஸ் ஸ்டாப்பில் நின்றோம். ஒரு பஸ் வந்தது. அவன் ஏறவில்லை.

"அவருக்கு வழி தெரியாதும்மா. வைட்டிலா ஸ்டாண்டுக்குப் போற பஸ்ல ஏத்தி விட்டுட்டுப் போயிடலாம்."

எனக்கு இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும். ஆனாலும் அவன் பக்கத்திலேயே நின்றேன். சற்று நேரத்தில் அவர் வெளியே வந்தார். பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். மகன் கையைத் தூக்கி, இந்தியில் ஏதோ சொல்லிக் கூப்பிட்டபடி சாலையில் இறங்கினான்.

அவர் இவனைப் பார்த்தார். யாரென்று தெரிந்துகொண்டார் என்பது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. சட்டென்று திரும்பி எதிர்த் திசையில் நடந்தார். மகன் இன்னொரு முறை கூப்பிட்டதும் ஓட ஆரம்பித்தார். ஒரு டேங்கர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு குறுக்கே போனது. அது கடந்தபோது வளைவில் யாரும் இல்லை.

மகன் திரும்பி வந்தான். "அந்தப் பக்கம் பஸ் கிடையாதும்மா. கம்பெனி மதிலு மட்டும்தான். எப்படியும் இந்த வழியாத்தான் திரும்பி வரணும்."

"சரி" என்றேன்.

இரண்டு மூன்று பஸ்களை விட்டோம். தூறல் விழத் தொடங்கியது. அவன் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தான், நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடையிலிருந்து என் கணவர் போனில் கூப்பிட்டார். எங்கே இருக்கிறீர்கள், ஏன் இவ்வளவு நேரம் என்றார்.

"பஸ் இன்னும் வரலீங்க" என்றேன்.