லேட்டாக வருகிறவர்களும் ஒரு நம்பாத மிஸ்ஸும்

கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்களுக்குப் பாதிச் சம்பளம்தான் பாடத்துக்கு. மீதிப் பாதி, யார் வரவில்லை, ஏன் வரவில்லை, சொல்கிற காரணம் எவ்வளவு தூரம் உண்மை என்று துருவிக்கொண்டிருப்பதற்கு. இதைப் படிப்பவர் என்னைப் போல ஒரு விரிவுரையாளராக இருந்தால் இந்நேரம் தலையாட்டியிருப்பார். மற்றவர்களுக்கு எங்கள் பாடு தெரியட்டும்.

நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தனியார் கல்லூரியில் டிப்ளோமா பிள்ளைகளுக்கு ஆடிட்டிங் நடத்துகிறேன். கணக்கு எழுதியவர் சொல்வதை அப்படியே நம்பாதே, நீயே சரிபார் என்பதுதான் அந்தப் பாடத்தின் சாரம். அதையே வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி, வீட்டில் பால் பொங்கிவிட்டது என்றால்கூட எழுந்துபோய்ப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிறேன். வகுப்பில் கழுத்தருகே ஒரு சின்ன மைக் மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்ததிலிருந்து மூடும்வரை நான் பேசுவதைப் பதிவு செய்வேன். வராத பிள்ளைகள் கேட்டுப் படிக்கட்டும் என்று மற்ற விரிவுரையாளர்கள் பதிவு செய்கிறார்கள். நான் செய்வது, பரீட்சை முடிந்தபின் யாரும் "மிஸ் இதை நடத்தவே இல்லை" என்று சொல்லிவிடக் கூடாதே என்பதற்காக.

எங்கள் கல்லூரியில் ஒரு விதி உண்டு. வருகை இத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் கடைசிப் பரீட்சை எழுத முடியாது, 'பார்' பண்ணிவிடுவார்கள். அந்தப் பாடத்தை இன்னொரு செமெஸ்டர் முழுக்க மறுபடியும் படிக்க வேண்டும். படிப்பை முடித்து வேலைக்குப் போகக் காத்திருக்கும் பிள்ளைக்கு இது பெரிய அடி. அதனால்தான் எல்லாரும் வந்ததாகக் காட்டப் பார்க்கிறார்கள், நானும் எல்லாரையும் சந்தேகப்படுகிறேன்.

தொப்பிக்குள் என்ன

தைப்பூசம் முடிந்த மறுநாள் தினேஷ் வகுப்புக்கு வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. பத்துமலையில் காவடி எடுத்ததில் கால் கொப்பளித்துவிட்டது, நடக்க முடியவில்லை, வேண்டுதலுக்கு மொட்டையும் போட்டிருக்கிறேன் என்று மெசேஜ் மட்டும் வந்தது. மொட்டை போட்டதை எதற்கு என்னிடம் சொல்கிறான் என்பதில்தான் எனக்குச் சந்தேகம் ஆரம்பித்தது. கேட்காத விவரத்தைச் சொல்கிறவரிடம் இரண்டு கேள்வி அதிகம் கேள் என்று நானே நடத்தியிருக்கிறேன்.

அடுத்த வாரம் தொப்பி போட்டுக்கொண்டு வந்தான். கழற்றச் சொன்னேன். கழற்றினான். பளபளவென்று மொட்டை. வகுப்பே என்னைப் பாவி மாதிரி பார்த்தது. நானும் பாடத்துக்குத் திரும்பினேன். ஆனால் அந்தத் தலை கொஞ்சம் அதிகமாகவே பளபளத்தது. ஒரு வாரத்து மொட்டையில் முள் முளைத்திருக்க வேண்டாமா?

மதியம் சாப்பிட இறங்கும்போது, எங்கள் படிக்கட்டை ஒட்டி இருக்கும் முடிவெட்டும் கடையில் சும்மா விசாரிப்பது போல விசாரித்தேன். கடைக்கார அண்ணன் கத்தரியை நிறுத்தாமலே சொன்னார்: "நேத்து சாயங்காலம்தான் வந்தான் டீச்சர். சாமிக்குன்னா கோயில்லயே போட்டிருப்பான். இது உங்களுக்காகப் போட்டது."

ரயிலில் போகாத பயணி

மொட்டை போடும் அளவுக்கு எல்லாரும் போவதில்லை. பெரும்பாலானவர்களுக்கு "டிரேன் லேட் மிஸ்" என்ற மூன்று சொல் போதும். சுபாங் ஜெயாவிலிருந்து வருகிறவனுக்கும் டிரேன் லேட், போர்ட் கிள்ளானிலிருந்து வருகிறவளுக்கும் டிரேன் லேட், அப்பா மோட்டாரில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிடுகிறவனுக்கும் டிரேன் லேட்.

பார்த்தேன். ரயில் பயணிகள் தங்களுக்குள் எங்கே தாமதம், எங்கே நிற்கிறது என்று சொல்லிக்கொள்ளும் ஒரு டெலிகிராம் குழு இருப்பது தெரிந்து அதில் சேர்ந்துகொண்டேன். நான் காரில் வேலைக்கு வருகிறவள். அந்தக் குழுவில் ரயிலே ஏறாத ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். ஒருநாள் குகன் வழக்கம்போல மூன்று சொல்லைச் சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது, போனை எடுத்து அன்று காலை அவன் பாதையில் வந்த செய்திகள் அத்தனையையும் வகுப்புக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு ரயில்கூடத் தாமதமில்லை. பிள்ளைகள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கதவு மறுபடி திறந்தது. தாரணி. கிள்ளானிலிருந்து வரும் பிள்ளை, தினம் தாமதம். அவளும் வாயைத் திறந்தாள், என் கையிலிருந்த போனைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். "சொரி மிஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்வரிசையில் போய் உட்கார்ந்தாள். குகன்தான் விடவில்லை: "மிஸ், டிரேன்ல வர்ற எனக்கே தெரியாதது, கார்ல வர்ற உங்களுக்கு எப்படித் தெரியுது?"

ஒரு பேனாவைப் பிடுங்கியது

இந்த வெற்றி தலைக்கேறிய சமயத்தில்தான் கல்லூரி ஒரு செயலியைக் கொண்டுவந்தது. வகுப்பு தொடங்கும்போது திரையில் கியூஆர் கோடு வரும். மாணவர் கல்லூரிக்குள் இருந்தால்தான் அவர் போன் அதை ஏற்கும். சிறிது நேரத்தில் கோடு மறைந்துவிடும், அதற்குமேல் வருகிறவர் ஆப்சென்ட். லேட்டாக வந்தவர்களுக்கு மட்டும், முன்பு போலவே, விரிவுரையாளர் கையால் 'லேட்' என்று மாற்றிப் போடலாம் என்று வைத்திருந்தார்கள்.

அந்த ஓட்டையை நான் விடுவேனா? பதிவுத்துறையைப் பார்த்துக்கொள்ளும் ராஜலிங்கம் சார் நடத்திய கூட்டத்தில் எழுந்து, இளகிய மனசுக்காரர்கள் கையில் இந்த அதிகாரம் இருந்தால் செயலி எதற்கு என்று கேட்டேன். என் பக்கத்து மேசை சுபாஷினியை மனதில் வைத்துத்தான் கேட்டேன். அவள் வகுப்பில் அழுதுகொண்டு வருகிறவருக்கெல்லாம் வருகை உண்டு. ராஜலிங்கம் சார் அரசாங்க வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர், விதி என்றால் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அந்த அதிகாரத்தை அன்றைக்கே எடுத்துவிட்டார். அந்தச் செய்தியைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வெளியே வரும்போது சுபாஷினி கோபமாக இல்லை, அலுப்பாகத்தான் கேட்டாள்: "உங்க பேனா வேணாம்னா நீங்க கொடுத்திடுங்க அக்கா, என்னோடத ஏன் பிடுங்கினீங்க?"

மாடிக்கும் கீழுக்கும் ஒரே இடம்

செயலி வந்த பிறகு என் வகுப்பில் வருகை ஏறிக்கொண்டே போனது. நாற்காலிகள் மட்டும் நிறையவில்லை. திரையில் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாரும் வந்திருக்கிறார்கள், நிமிர்ந்து பார்த்தால் பாதி வகுப்பு காலி. கியூஆர் கோட்டைப் படம் பிடித்து வீட்டிலிருப்பவருக்கு அனுப்புகிறார்கள் என்று முதலில் நினைத்தேன். ஆனால் கல்லூரிக்கு வெளியே இருந்தால் போன் ஏற்காது என்று கணினிப் பிரிவில் அடித்துச் சொன்னார்கள்.

எங்கள் கல்லூரி ஒரு கடைவரிசையின் மேல்மாடிகளில் இருக்கிறது. கீழே வாழையிலைச் சாப்பாட்டுக்கடை. ஒருநாள் கோடு காட்டியதும், எழுத ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் இறங்கிப் போனேன். என் வகுப்பின் மறுபாதி அங்கே ரொட்டி சானாயும் தே தாரேக் டீயுமாக உட்கார்ந்திருந்தது. மேலே இருந்த ஒருவன் கோட்டைப் படம் பிடித்து அனுப்ப, கீழே எல்லாரும் பதிந்துகொண்டிருந்தார்கள். அந்தச் செயலிக்கு ஊர் தெரியும், தெரு தெரியும், மாடி தெரியாது.

எல்லாரையும் ஆடு ஓட்டுவது போல மேலே ஓட்டினேன். தினேஷ் பாதி ரொட்டியைக் கையிலேயே எடுத்துக்கொண்டு ஏறினான். கடை முதலாளி கல்லாவிலிருந்து என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்: "டீச்சர், நீங்க மேல நடத்துறது இங்க நல்லாவே கேக்குது. நானே பாதி ஆடிட்டிங் படிச்சிட்டேன்."

காரணம் சொல்லாதவள்

இத்தனை பேருக்கு நடுவே என்னை அதிகம் உறுத்தியவள் தாரணிதான். மற்றவர்கள் பொய்யாவது சொன்னார்கள். இவள் எதுவுமே சொல்வதில்லை. தினம் கோடு மறைந்த பிறகு கதவைத் திறப்பாள், "சொரி மிஸ்" என்பாள், பின்வரிசைக்குப் போய்விடுவாள். பிறகு கடைசிவரை தலை நிமிராமல் எழுதுவாள். காரணமே சொல்லாத ஒரு ஆளுக்குப் பின்னால் சொல்ல முடியாத ஒரு காரணம் இருக்கும் என்று நான் முடிவுகட்டினேன். அதனால் அவளை நான் ஒருநாளும் சும்மா உள்ளே விட்டதில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் அவள் பெயரைச் சொல்லி ஏதாவது ஒரு குத்தல் கொடுத்துவிட்டுத்தான் பாடத்தைத் தொடர்வேன்.

செமெஸ்டர் முடிவில் பார் பண்ணப்பட்டவர்களின் பெயர்கள் வந்தன. என் வகுப்பில் ஒரே பெயர். தினேஷ் தப்பித்துவிட்டான், குகன் தப்பித்துவிட்டான், ரொட்டி சானாய்க் கூட்டம் மொத்தமும் தப்பித்துவிட்டது. செயலியின்படி தாரணி மட்டும் ஏறக்குறைய என் வகுப்புக்கே வந்ததில்லை.

அவள் என் மேசைக்கு வந்து நின்றாள். அழவில்லை. கிள்ளானில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலைக்குச் சொல்லி வைத்திருப்பதாகவும், டிப்ளோமா முடிந்தால்தான் எடுப்பார்கள் என்றும் சொன்னாள். ஏன் தினம் தாமதம் என்று அன்றைக்குத்தான் முதல் முறையாகத் திட்டாமல் கேட்டேன். அம்மாவுக்குக் கிள்ளான் பக்கம் மேருவில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். தொழிற்சாலை பஸ் அம்மாவைக் கொண்டுவந்து இறக்கிய பிறகுதான், சின்னத் தங்கையை அவரிடம் விட்டுவிட்டு இவள் ரயிலுக்கு ஓட முடியும். டிரேன் லேட் என்று சொல்லலாம்தான், ஆனால் மிஸ் போனை எடுத்துப் பார்ப்பீர்கள் என்றாள்.

அப்படியென்றால் ஆப்சென்ட் விழுகிறது என்று ஒரு வார்த்தை முன்பே வந்து கேட்டிருக்கலாமே என்றேன். அவள் நிஜமாகவே குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள். செயலி வரும்வரை லேட்டாக வந்தவர்களுக்கு நாங்களே கையால் போட்டுக்கொண்டிருந்தோம், அது மாறியது அவளுக்குத் தெரியாது: "தினமும் பேர் சொல்லித் திட்டினீங்களே மிஸ், அப்பவே லேட்டுனு போட்டுட்டீங்கன்னு நெனச்சேன்."

சாட்சி

ராஜலிங்கம் சாரிடம் போனேன். அந்தப் பெண் தினமும் வந்தாள், நான் என் கண்ணால் பார்த்தேன் என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, ஆதாரம் இருந்தால் கொண்டுவாருங்கள், விரிவுரையாளர் கையில் இதை விடக் கூடாது என்று கூட்டத்தில் யாரோ எழுந்து பேசினார்களே, ஞாபகம் இருக்கிறதா என்றார். இருந்தது. ஒரு பிள்ளையின் வேலையை என் வாயாலேயே கெடுத்துவிட்டேன்.

அன்று காரில் உட்கார்ந்திருக்கும்போதுதான் என் பதிவுகள் ஞாபகத்துக்கு வந்தன. மறுநாள் ராஜலிங்கம் சார், தாரணி, நான் மூன்று பேரும் அவர் அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்தையும் கேட்டோம். கதவு திறக்கும் சத்தம். பிறகு என் குரல். "வாங்க தாரணி மேடம், கிள்ளான் இன்னிக்கும் தூரமாயிடுச்சா?" அடுத்த வகுப்பு. கதவு. "எங்க சீஃப் கெஸ்ட் தாரணி வந்துட்டாங்க, எல்லாரும் கை தட்டுங்க." அடுத்தது. கதவு. "தாரணி, நாளைக்கு நேரா பரீட்சைக்கே வந்திடேன்."

அதைக் கேட்கக் கேட்க எனக்குக் காது சுட்டது. எந்த வகுப்பையும் நான் விட்டுவைக்கவில்லை. தாரணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கதவுச் சத்தத்துக்கும் என் திட்டுக்கும் நடுவில் "சொரி மிஸ்" என்று அவள் குரல் சின்னதாகக் கேட்டது. அவள் வந்ததற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி நான் அவளை நம்பாததுதான்.

கடைசிப் பதிவை நிறுத்திவிட்டு ராஜலிங்கம் சார் தாரணியின் வருகைப் பட்டியலை எடுத்தார். பிறகு, உங்கள் சந்தேகம் மட்டும் ஒருநாள்கூட ஆப்சென்ட் இல்லை மிஸ் கலா என்று சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் பழைய விதிப்படி லேட் என்று மாற்றிக் கையெழுத்துப் போட்டார். தாரணி பரீட்சை எழுதலாம். லேட் போடும் அதிகாரத்தை அவர் எங்களிடமே திருப்பிக் கொடுத்ததில் சுபாஷினியின் பேனாவும் திரும்பக் கிடைத்தது. என் பேனாவும்தான்.

வெளியே வந்ததும் தாரணியிடம் மன்னிப்பாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவள் அதற்குள் படிக்கட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு படி இறங்கியவள் திரும்பி, பரீட்சைக்கு முன்னால் ரிவிஷன் வகுப்பு உண்டா என்று கேட்டாள். உண்டு என்றேன். "அப்ப லேட்டாத்தான் வருவேன் மிஸ். கொஞ்சம் மைக் கிட்ட நின்னு திட்டுங்க லா."

கதை கல்லூரி முழுக்கப் பரவி, இந்தப் புது செமெஸ்டரில் தாமதமாக வரும் புது முகங்கள் யாரும் காரணம் சொல்வதில்லை, மைக்குக்கு எட்டும்படி பெயரை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட்டுத் திட்டுக்காகக் காத்து நிற்கிறார்கள். அதில் இரண்டு பேர் சொல்வது அவரவர் சொந்தப் பெயர்தானா என்று எனக்கு ஒரு சந்தேகம்.