எழுப்பினேன் சித்தி

நான் சொன்ன பொய்கள் பல. பெரும்பாலானவை மறந்துபோயின. ஒன்றுக்கு மட்டும் இந்த ஆடியோடு ஐம்பத்தைந்து வயதாகிறது. அதைச் சொன்னபோது எனக்குப் பதினொரு வயது. யாரிடம் சொன்னேனோ அவர் போன தை மாதம் காலமானார். இனி எழுதி யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

என் சித்தப்பா அமெரிக்காவில் இன்ஜினியராக இருந்தார். போய் ஆறு வருடம் கழித்து, சித்தியையும் அங்கேயே பிறந்த நாலு வயது மகளையும் கூட்டிக்கொண்டு ஒரு மாத விடுமுறையில் சங்கரன்கோவிலுக்கு வந்தார். பாப்பாவுக்கு நாங்கள் இருப்பது வெளிநாடு. விமானத்தில் இரண்டு நாள், அப்புறம் மதராஸிலிருந்து ஒரு ராத்திரி ரயில். பாப்பா ரயிலில் சித்தியின் மடியில் நன்றாகத் தூங்கிவிட்டாளாம். பெரியவர்கள் இருவருக்கும் விடியும்வரை பொட்டுத் தூக்கம் இல்லை. காலை ஏழரைக்கு எங்கள் ஸ்டேஷனில் இறங்கியபோதுதான் அவர்களுக்குக் கண்ணைச் சுழற்றிக்கொண்டு வந்தது.

“அங்க இப்பதான் ராத்திரி பத்து மணி, அண்ணாச்சி” என்று சித்தப்பா சொன்னார்.

“அதெப்படிலே? சூரியன் ஒண்ணுதான இருக்கு?” என்றார் அப்பா.

பின்னாளில் நான் கல்லூரியில் புவியியல் நடத்தினேன். தீர்க்கரேகைப் பாடம் வரும்போதெல்லாம் அப்பாவின் இந்தக் கேள்வியைச் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்கவைப்பேன். அன்று நடந்த மற்றதைச் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து இலையில் உட்கார்ந்த சித்தப்பா, மூன்றாவது இட்லியைப் பிட்ட கையோடு சுவரில் சாய்ந்து தூங்கிப்போனார். அம்மா சட்னிக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு அவரை நடத்திக்கொண்டுபோய் உள்ளறைக் கட்டிலில் போட்டார்கள். பாப்பாவும் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

சித்தி படுப்பதற்கு முன் என்னைக் கூப்பிட்டார். சித்திக்குக் கரிவலம்வந்தநல்லூர். ஆறு வருடம் அமெரிக்காவில் இருந்தும் பேச்சு கொஞ்சமும் மாறவில்லை.

“மக்கா, எனக்குக் கண்ணு சொருகுது. நீ இங்கனயே இரி. பாப்பா முழிச்சான்னா என்னைய எழுப்பணும், என்னா? எந்திரிக்கலன்னா மூஞ்சில தண்ணியத் தெளி. தப்பில்ல.”

“சரி சித்தி.”

“மறந்துர மாட்டியே?”

“மாட்டேன்.”

பையிலிருந்து ஒரு பேனா எடுத்துக் கொடுத்தார். நாலு நிறத்தில் எழுதுகிற பேனா. ஊரிலேயே அப்படி ஒன்றை யாரும் பார்த்திருக்கவில்லை. அதை வாங்கிக்கொண்டு நான் அறை வாசலில் காவல் உட்கார்ந்தேன்.

தெருக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களை வெறுங்கையோடு பார்க்கக் கூடாது என்று ஆளுக்கொரு சீப்பு வாழைப்பழம், அல்லது பொட்டலத்தில் முறுக்கு. கட்டிலில் கிடந்தவர்களோ வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டார்கள். தலைமாட்டில் பழம் சேர்ந்துகொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, “ஏன் வே, ப்ளேன்ல காலு நீட்ட எடம் குடுக்கலியோ?” என்று அப்பாவிடம் கேட்டார்.

பெண்களின் கவலை வேறு. பாப்பாவின் முடி இரண்டு விரல்கடைதான் இருந்தது. சுருள் சுருளாக, ஆண் பிள்ளை கிராப்புபோல. அப்பா பூக்கமிஷன் கடை வைத்திருந்தார். தம்பி மகளுக்கு என்று முதல் தரப் பிச்சிப்பூவாகப் பொறுக்கி ஒரு பந்து கொண்டுவந்திருந்தார். வைப்பதற்குத் தலையில் இடமில்லை. “பொட்டப்புள்ளைக்கு இப்படியா கத்தரிச்சு உடுவாவ? அந்த ஊரு நாகரிகமே கோட்டிதான்” என்றாள் அம்மா.

போன வருடம் பாப்பாவுக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், கடுமையான காய்ச்சல் என்று சித்தப்பா எழுதியிருந்தார். கடிதத்தைப் படித்த அன்றே அப்பா கோமதியம்மனிடம் போய், பிள்ளை பிழைத்து வந்தால் முடி இறக்குகிறேன் என்று நேர்ந்துகொண்டு வந்தார். ஸ்டேஷனில் அதைச் சொன்னபோது சித்தப்பா முகம் ஒரு மாதிரி ஆனது. “அதெல்லாம் பெறவு பாத்துக்கிடலாம், அண்ணாச்சி” என்றார். அப்பா அதைக் களைப்பு என்று எடுத்துக்கொண்டார்.

அன்று ஆடி கடைசி வெள்ளி. பத்தரைக்கு ராகுகாலம். அதன்பிறகு பத்து நாளைக்கு நல்ல நாள் இல்லை என்று பஞ்சாங்கம் சொல்லியது.

ஒன்பது மணிக்குப் பாப்பா எழுந்துவிட்டாள். கட்டிலில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். நானும் எழுந்தேன். சித்தியின் பாதம் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கையை நீட்டினால் எட்டும். அந்த நேரத்தில் அப்பா கடையிலிருந்து வந்தார்.

“முழிச்சிட்டாளா? நல்லதாப் போச்சு. பாப்பாவைத் தூக்கிட்டு வாலே. பத்தரைக்குள்ள முடிச்சிரலாம்.”

“சித்தி எழுப்பச் சொன்னாவ.”

“அசந்து தூங்குதவளை எதுக்கு எழுப்புத? முடிச்சிட்டு வந்து காமிச்சா சந்தோசப்படுவா.”

“தாய்க்காரி முழிக்கட்டுமே” என்று அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள். அப்பா கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்பாவுக்குப் பயந்துதான் எழுப்பவில்லை என்று நான் பல வருடம் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. ஒரு குரல் கொடுத்திருந்தால் அப்பா என்னை ஒன்றும் செய்திருக்க மாட்டார். அமெரிக்காப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு தெற்கு ரதவீதியில் என் வகுப்புப் பையன்கள் பார்க்க நடக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. சித்தி எழுந்தால் பாப்பாவை அவரே தூக்கிக்கொள்வார். அவ்வளவுதான் காரணம்.

நடந்தேன். பையன்கள் பார்த்தார்கள். பாப்பாவின் ஷூவைப் பார்த்து ஒருவன் பின்னாலேயே கோயில்வரை வந்தான்.

முடி எடுக்கும் கொட்டகையில் அப்பா பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டார். அங்கே மற்றப் பிள்ளைகள் கத்தின கத்தில் காது அடைத்தது. இவள் கத்தவில்லை. தலையில் தண்ணீர் தடவியதும், யாரும் சொல்லாமலே குனிந்துகொண்டு கண்ணை மூடினாள். என்னிடம் மட்டும் ஒன்று கேட்டாள்.

“ஊசி உண்டா?”

“ஊசியெல்லாம் கிடையாது.”

அதற்குப் பிறகு அவள் அசையவில்லை. கத்தி வைத்தவர், “இந்த வயசுல இப்படி ஒரு சமத்தை நான் பாத்ததில்ல, மொதலாளி” என்றார். அப்பாவுக்குப் பெருமை. ராகுகாலத்துக்குக் கால் மணி நேரம் இருக்கும்போதே சந்தனம் பூசி, கும்பிட்டு, பொங்கல் வாங்கித் தின்னக் கொடுத்து, வீடு வந்து சேர்ந்தோம்.

சித்தி அதே கிடையில்தான் இருந்தார். பாப்பா கட்டிலில் ஏறி அம்மாவை ஒட்டிப் படுத்தாள். சித்தி கண்ணைத் திறக்காமலே கையை நீட்டித் தலையைத் தடவினார். கை நின்றது. திரும்ப ஒரு தடவை தடவியது.

அவர் எழுந்த விதத்தை என்னால் விவரிக்க முடியாது. ஊர் எது, பகலா இரவா என்று எதுவும் அவருக்குத் தெரியவில்லை. எங்களைப் பார்த்தும் அடையாளம் தெரியவில்லை. பிள்ளையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, “மறுபடியுமா? ஐயோ, மறுபடியுமா? டாக்டரைக் கூப்பிடுங்க” என்றார். சித்தப்பா அடித்துப் பிடித்துக்கொண்டு எழுந்து பாப்பாவின் தலையைப் பார்த்தார். அவருக்கும் ஒரு கணம் அதே முகம்தான்.

பிறகு சித்தியின் கையில் சந்தனம் ஒட்டியது. அதைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்.

“நீ என்னைய எழுப்பலியா, மக்கா?”

சட்டைப்பையில் பேனா இருந்தது.

“எழுப்பினேன் சித்தி. நீங்க எந்திரிக்கல.”

அவர் அதை நம்பினார். நம்பாமல் இருக்க அவரிடம் என்ன இருந்தது? தூங்கிக்கொண்டிருந்தவர். “நான் எந்திரிக்கலியா?” என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அப்புறம் அப்பாவிடம் மெதுவாக, “அம்மன் மேல எனக்குக் கோவமில்ல, அத்தான். அந்த முடி எங்க இருக்கு?” என்றார்.

சித்தப்பா அப்பாவைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். நானும் பின்னால் போய் நின்று கேட்டேன். பிள்ளைக்கு வந்தது காய்ச்சல் அல்ல, ரத்தத்தில் புற்றுநோய். அதற்குக் கொடுத்த மருந்தில் முடி முழுக்க உதிர்ந்துவிட்டது. எட்டு மாதமாகத்தான் திரும்ப வளர்கிறது. தினமும் காலையில் சித்தி அதைச் சீப்பால் வாரி, சீப்பில் ஒன்றும் வரவில்லை என்று பார்த்த பிறகுதான் காபி குடிப்பார். பயப்படுவீர்கள் என்று உங்களுக்கு எழுதவில்லை என்றார் சித்தப்பா.

அப்பா செருப்பைக்கூடப் போடாமல் அந்த வெயிலில் கோயிலுக்குத் திரும்பிப் போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்தார். “எல்லாருது முடியும் ஒரே குவியலாக் கெடக்கு” என்று அம்மாவிடம் மட்டும் சொன்னார். உள்ளங்கையில் நாலைந்து சுருள் வைத்திருந்தார். அது பாப்பாவுடையதுதானா என்று அவருக்கே நிச்சயமில்லை. சித்தியிடம் கொடுக்கவில்லை.

சாயங்காலமே அவர்கள் கரிவலத்துக்குப் போய்விட்டார்கள். அடுத்த மாசியில் நோய் திரும்பியது. சித்திரையில் பாப்பா போய்விட்டாள். பேனா அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் எழுதியது. பச்சை மைதான் கடைசியாகத் தீர்ந்தது.

அந்தப் பொய்யில் யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்பா திட்டவில்லை, சித்தி அடிக்கவில்லை, விஷயம் அன்றோடு முடிந்தது. நான் தப்பித்துக்கொண்டேன் என்பது எனக்குத் தெரிந்தது. யாருடைய கணக்கில் அதை எழுதினேன் என்பது தெரியவில்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் ராயகிரியில் ஒரு கல்யாணம். சித்திக்கு அப்போது எழுபதைத் தாண்டிவிட்டது, சித்தப்பா இல்லை. சாப்பாடு முடிந்து பெண்களெல்லாம் மண்டபத்துப் பாயில் ஆளுக்கொரு பக்கம் கண்ணயர்ந்திருந்தார்கள். சித்தி மட்டும் தூணில் முதுகு படாமல் உட்கார்ந்திருந்தார்.

“கொஞ்சம் சாஞ்சுக்கிடுங்களேன், சித்தி.”

“பகல்ல நான் கண்ண மூடுததில்ல, மக்கா. பாப்பா போனதுலேர்ந்தே அப்படித்தான்.” என் கையைத் தட்டிக்கொடுத்தார். “நீ அன்னைக்கு எழுப்பத்தான் செஞ்ச. சின்னப் பையன், பாவம், எவ்வளவு நேரம் எழுப்புனியோ. நான்லா எந்திரிக்காமக் கெடந்தேன்.”

எனக்கு ஐம்பத்து நாலு வயது. வாயைத் திறந்தேன்.

“பாயசம் குடிச்சியா?” என்று கேட்டார்.

“குடிச்சேன் சித்தி” என்றேன்.