காலிப் பெட்டிக்குப் பயந்தவர்கள்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையை நாலு வழியாக்கியபோது எங்கள் ஊரை நடுவில் வகிர்ந்து இரண்டாகப் போட்டுவிட்டார்கள். எங்கள் வீடு கிழக்கே. ரேஷன் கடை, பள்ளிக்கூடம், மாதா கோயில், கல்லறைத் தோட்டம் எல்லாம் மேற்கே. அரிசி வாங்கவும் சாலையைத் தாண்ட வேண்டும், அடக்கமாகவும் தாண்ட வேண்டும். முதல் வேலைக்குப் போகும்போதே இரண்டாவது வேலையும் முடிந்துவிடுமோ என்பதுதான் எங்கள் கவலை.

என் மனைவி காலைப் பூசையைத் தவறவிடாதவள். விடிந்தும் விடியாமலும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கையில் செபமாலையோடு சாலையோரம் போய் நிற்பாள். வலது கையை உயர்த்துவாள். செம்மங்குப்பத்துக் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் பேருந்துகளும் மீன் வண்டிகளும் அந்தக் கையை மதித்து நான் பார்த்ததில்லை. ஆரன் மட்டும் தாராளமாக அடிப்பார்கள். அவள் நடுத்திட்டில் ஏறி, மறுபடி கை உயர்த்தி, அந்தப் பக்கம் சேரும்வரை நான் வாசலில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

"கூட வந்து கையப் புடிச்சினு போனா கொறஞ்சா போயிடுவீங்க?" என்பாள்.

"ரெண்டு பேரும் ஒண்ணாப் போயிட்டா பென்ஷன யாரு வாங்கறது?" என்பேன். அதற்கு அவள் பார்க்கும் பார்வையைச் சாலையில் வைத்தால் லாரியே நிற்கும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வேகத்தைப் பற்றி எனக்கு இரண்டு நியாயம் உண்டு. பேருந்தில் ஏறி உட்கார்ந்தால், "கட்டவண்டி ஓட்டுறானா இவன்?" என்று முணுமுணுக்கிற முதல் ஆள் நான்தான். இறங்கி ஓரமாக நின்றால் அதே ஓட்டுநரை எமன் என்று திட்டுவேன். கடலூரில் ஒரு கேமரா என்னை ஹெல்மெட் இல்லாமல் படம் பிடித்து செல்போனுக்கு அனுப்பிவைத்தபோது, ஆட்சி முறையையே சந்தேகித்து வாரக்கணக்கில் பேசினேன். படத்தில் என் வழுக்கை வேறு தெளிவாக விழுந்திருந்தது.

அப்படிப்பட்ட நான்தான் எங்கள் ஊருக்குக் கேமரா கேட்டு, ஊர்க்காரர்களோடு மனு கொடுக்கப் போனேன். எதிரே இருந்த அதிகாரி தங்கமானவர். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகக் கேட்டார்.

"எத்தன சாவுங்க?"

சைக்கிளில் போன பெரியவர் ஒருவரைச் சொன்னோம். பால்காரர் கால் போனதைச் சொன்னோம். ஆடுகளையும் சேர்த்துக்கொண்டோம்.

"காலெல்லாம் கணக்குல வராதுங்க. கேமரா கேக்கற ஊரு ஜாஸ்தி. சாவு ஜாஸ்தியா இருக்கற எடத்துக்குத்தான் மொதல்ல. உங்க ஊருக்கு இது பத்தாது" என்றார். ரொம்ப வருத்தத்தோடுதான் சொன்னார்.

திரும்பி வரும் வழியில் என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, "நம்மள்ல யாரு மாமா முன்னாடி போறது?" என்று கேட்டான். சிரித்தோம்.

மச்சானுக்குக் கடலூர் முதுநகரில் கிரில் பட்டறை. எங்கள் ஊருக்குத் தெற்கே அடுத்த ஊரில் வீடு. அக்கா என்றால் அவனுக்கு உயிர். தாய் இல்லாத பிள்ளையை அவள்தான் சோறூட்டி வளர்த்தாள். "அக்கா தெனம் தாண்டுற எடம் மாமா இது. அவுங்க வைக்கலன்னா நம்ம வைப்போம்" என்றான். நான் வேடிக்கை என்று நினைத்தேன். அவன் தகரத்தை வெட்டிப் பெட்டி செய்தான். பழைய பைக்கின் முகப்பு விளக்குக் கண்ணாடியை அதன் முன்னால் பொருத்தினான். வெயிலில் சார்ஜ் ஏறி மினுக்கும் சிவப்பு விளக்கு ஒன்றை வைத்தான். சாம்பல் நிறம் அடித்து, உயரமான கம்பத்தில் ஏற்றி நட்டுவிட்டான். கீழே 'வேகம் கண்காணிக்கப்படுகிறது' என்று ஒரு பலகை. அது பொய்யும் இல்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நாங்கள் கண்காணித்துக்கொண்டுதானே இருந்தோம்.

வேலை செய்தது. மனுவும் கை உயர்த்தலும் செபமாலையும் செய்யாததைத் தகரம் செய்தது. சிட்டாய்ப் பறந்து வந்த கார்கள் பெட்டியைக் கண்டதும் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி நகர்ந்தன. ஒருவர் காரை ஓரங்கட்டிவிட்டு வந்து, "தெரியாம வேகமா வந்துட்டேன், எத்தன நாள்ல மெசேஜ் வரும்?" என்று டீக்கடையில் கேட்டார். கடைக்காரர் குறிஞ்சிப்பாடிக்காரர், அசராதவர். "வந்தா வரும் சார்" என்று டீயை ஆற்றினார். ஆயுத பூஜைக்கு அவரே ஏணி போட்டு ஏறிப் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். கள்ளம் வெளிப்பட்டுவிடுமோ என்று பதறினேன். போலீஸ் ஜீப்புக்கே பொட்டு வைக்கிற நாட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பொட்டு வைத்தபின் இன்னும் மெதுவாகப் போனார்கள் என்றே எனக்குத் தோன்றியது.

ஊரே ரகசியத்தைக் காத்தது. வெளியூர்க்காரனிடம் மூச்சு விடக் கூடாது என்று கட்டுப்பாடு. இப்படி ஒற்றுமையாக நாங்கள் எதையும் செய்ததில்லை. என் மனைவி நிதானமாகச் சாலையைத் தாண்டினாள். நானும் வாசலில் நிற்பதை விட்டுவிட்டு காலைத் தூக்கத்தை நீட்டித்துக்கொண்டேன்.

ஒருநாள் காலை டீக்கடைக்காரர் கதவைத் தட்டினார். பூசை முடிந்து திரும்பி வந்தவளை ஏதோ ஒரு பைக் அடித்துவிட்டது. நான் ஓடியபோது சாலையோரம் மச்சான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "யக்கா, யக்கா" என்று கதறிக்கொண்டிருந்தான். ஆம்புலன்சில் அவனும் ஏறினான். கடவுளாகப் பார்த்து அவனை அந்த நேரத்துக்கு அந்த வழியாக அனுப்பினார் என்று நினைத்து, வழியெல்லாம் நன்றி சொல்லிக்கொண்டே போனேன்.

சிதம்பரம் ஆஸ்பத்திரியில் தொடை எலும்பு முறிந்திருக்கிறது, பிளேட் வைக்க வேண்டும் என்றார்கள். உயிருக்குப் பயமில்லை என்று கேட்டபிறகுதான், வீட்டுக் கதவைப் பூட்டாமல் ஓடி வந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. மறுநாள் ஏட்டு ஒருவர் விசாரிக்க வந்தார்.

"எந்த வண்டிம்மா? நம்பர் பாத்தீங்களா?"

"பாக்கல சார். யாரோ. அடிச்சிட்டுப் போயிட்டான்" என்றாள், சுவரைப் பார்த்து. மச்சான் காப்பி பிளாஸ்க்கோடு கட்டில் காலருகே நின்றான்.

"கவலப்படாதீங்கம்மா. அங்கதான் கேமரா இருக்குதே! நானே அந்த எடத்துல மெதுவாத்தான் வருவேன். எடுத்துப் பாத்தா ஆளு மாட்டிப்பான்" என்றார் ஏட்டு.

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு மச்சானைப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை. அந்தப் பெட்டிக்குள் காற்றைத் தவிர ஒன்றும் இல்லை என்பது அவனைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. அவன் கையாலேயே மூடிய பெட்டி.

"நான்தான் சார்" என்றான்.

"என்னது நீதான்?"

"அடிச்சது நான்தான் சார். என் அக்கா சார்."

"டேய், சும்மா இருடா!" என்று அவள் படுக்கையிலிருந்தே அதட்டினாள். அவன் நிறுத்தவில்லை.

"கேமராவ எடுத்துப் பாக்காதீங்க சார். அதுல ஒண்ணும் இருக்காது. அத வச்சதும் நான்தான்."

ஏட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். நெடுநாள் மெதுவாக ஓட்டியதெல்லாம் அவருக்கு அப்போது நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

வெளியே வராந்தாவில் அவன் சட்டையைப் பிடித்தேன். ஏன்டா என்று மட்டும்தான் கேட்க முடிந்தது. "ஜில்லா பூரா எங்க கேமரா இருக்குமோன்னு பயந்து பயந்துதான் மாமா ஓட்றேன். இந்த ஒரு எடத்துலதான் இல்லன்னு நிச்சயமாத் தெரியும்" என்றான். சட்டையை விட்டுவிட்டேன். எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் அங்கே எப்படி ஓட்டினார்கள் என்று அப்போதுதான் யோசித்தேன். வெளியூர்க்காரர்கள் மெதுவாகப் போனார்கள். அவர்களை முந்திக்கொண்டு நாங்கள் போனோம்.

தம்பிமேல் கேஸ் வேண்டாம் என்று அவள் கையைக் கூப்பிக் கேட்டுக்கொண்டாள். ஆனாலும் சட்டம் தன் வழியில் போயிற்று. பொதுமக்களைக் குழப்புகிறது என்று பெட்டியைக் கழற்றி எடுத்துப் போனார்கள். கார்கள் பழையபடி பறக்கின்றன. உண்மைக் கேமராவுக்கு மறுபடி போய்க் கேட்டோம். தொடை எலும்பும் கணக்கில் வராது என்றார்கள்.

அவள் எழுந்து நடக்க மாதங்கள் ஆயின. தம்பியோடு பேசுவதில்லை. "இடிச்சதுக்கு இல்லீங்க. ஊரெல்லாம் மெதுவாப் போவாராம். நான் நடக்கற எடத்துல மட்டும் பறப்பாராம்" என்றாள் என்னிடம். அதைச் சொன்னபோது மட்டும்தான் அழுதாள்.

இப்போது ஊன்றுகோலோடு மறுபடி காலைப் பூசைக்குப் போகிறாள். நானும் கூடப் போகிறேன், பென்ஷன் கிடக்கட்டும். நாங்கள் சாலையோரம் வரும்போது மச்சான் எங்களுக்கு முன்பே வந்து நிற்கிறான். பைக்கை ஓரமாக விட்டுவிட்டு, பட்டறைக்குப் போடும் காக்கிச் சட்டையோடு சாலையில் இறங்கி, கையை உயர்த்துகிறான். விடியாத இருட்டில் காக்கியைக் கண்டதும் வண்டிகள் பிரேக் போடுகின்றன. அவள் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் முழங்கையைப் பிடித்து இழுத்தாலும், அவன் கை மேலே போகும்வரை அவள் சாலையில் கால் வைப்பதில்லை.