கருடன் வராவிட்டால்

இங்கே தினமும் காலையில் சாமிப் படத்தைத் துடைத்தால் துணி கறுப்பாக வருகிறது. கும்மிடிப்பூண்டி இரும்பாலைகள் விடுகிற புகைக்கரி அது. அகதி முகாமில் எங்கள் ஒற்றை அறைக்குள்ளும் நுழைந்து முருகனின் முகத்தில் படிந்துவிடும். மன்னாரில் எங்கள் வீட்டுப் படத்தில் படிந்தது உப்புக்காற்று மட்டும்தான். ஈரத் துணியால் ஒரு தரம் துடைத்தால் போய்விடும். ஊரில் இருக்கிற நீங்களும், கனடா லண்டன் என்று போன நீங்களும், "இந்தியாவில் இருக்கிற உங்களுக்கென்ன, கோயில்கள் பக்கத்தில்" என்று எழுதுகிறீர்கள். உண்மைதான், கோயிலுக்குக் குறைவில்லை. வானம்தான் இங்கே சாம்பல் நிறம்.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எனக்கு இங்கே வாய்த்த தொழில் வீடியோ. தணிகாசலம் அண்ணன் என்ற உள்ளூர்க்காரர், கோயில் விழாக்களைப் படம்பிடித்து கேபிள் டிவியில் நேரடியாகக் காட்டுகிறவர். முதலில் அவரிடம் வயர் சுருட்டினேன். பிறகு என்னை ஸ்விட்சரில் உட்கார வைத்தார். நாலைந்து கேமராக்களில் எந்தப் படம் டிவிக்குப் போக வேண்டும் என்று பட்டனை அழுத்தி மாற்றுகிற மேசை அது. அவர் பழையதாக வாங்கி வந்த ஒரு ஸ்விட்சரில் மேக்ரோ என்று ஒன்று இருந்தது. பல பட்டன்களின் வேலையை ஒரே பட்டனுக்குள் எழுதி வைக்கலாம். அதற்குள் நிபந்தனையும் போடலாம்: இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய். ஆங்கிலப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்துப் பழகினேன். மூன்றாம் கேமராவின் படம் அறுந்தால் தானாக ஒன்றாம் கேமராவுக்குப் போ என்று நான் எழுதியது முதன்முதலாக வேலை செய்தபோது, அந்த மேசையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

வன்னியில் சண்டை ஓய்ந்த வருடம் அது. "அதான் சண்ட முடிஞ்சிச்சே சிலோனு, எப்போ ஊருக்குக் கெளம்பற?" என்று டீக்கடைக்காரர் கேட்டார். சும்மா தலையாட்டினேன். நான் புறப்படுகிறேன் என்று எடுத்துக்கொண்டு அன்று டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார், நல்ல மனுஷன்.

என் மனைவி தவமணியின் தம்பி ஈசன் வன்னிக்குள் இருந்தவன். சண்டை முடிந்து வெளியே வந்த சனங்களில் அவன் இல்லை. செத்ததைக் கண்டவர்களும் இல்லை. மாதங்கள் போயின. மன்னாரிலிருந்து அவளுடைய மூத்த அண்ணன் போன் எடுத்தார். செத்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டியைச் செய்துவிடுவோம், செய்யாவிட்டால் அவன் ஆத்மா அலையும், நீயும் ஓம் என்று சம்மதிக்க வேண்டும் என்றார். ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு முருகன் கோயிலில் கும்பாபிஷேகம் வர இருந்தது. நாங்கள்தான் அதை டிவியில் காட்டப் போகிறோம். "அது முடியட்டும் அண்ணை, சொல்லுறன்" என்று போனை வைத்தாள் தவமணி. பிறகு என்னிடம் திரும்பினாள்.

"இஞ்சாருங்கோ, கலசத்துக்குத் தண்ணி ஊத்தேக்க கருடன் வந்து சுத்தினால் ஈசன் இருக்கிறான். அந்தியேட்டி வேண்டாம்."

"வராட்டில்?"

அரிசி களைந்த தண்ணீரை ஊற்ற அவள் வெளியே போய்விட்டாள்.

விழாவுக்கு முந்தின நாள் தணிகாசலம் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "நாலாம் கேமராவ வானத்துக்கு வெச்சிடு. கருடன் வந்தா அந்தக் கேமராவாண்ட நிக்கற கோபி ஒரு பட்டன அமுக்குவான். அமுக்குனா லைவ்ல போவட்டும். அமுக்கலன்னா, போன வருசம் தெக்க ஒரு கோயில்ல எடுத்துகினு வந்தோமே கருடன், அத்த உடு. ஒரே மேக்ரோவுல எழுதிடு."

"அண்ணை, இது சாமி காரியம்."

"சாமி காரியந்தான்யா. கருடன் நமக்கு கால்ஷீட் குத்துகீறாரா இன்னா? வரலன்னா ஜனங்க டிவியாண்ட குந்திகினு வெறும் வானத்தையா பாக்கும்? பேஜாரா பூடும்."

எழுதினேன். கருடன் எந்தக் கும்பாபிஷேகத்துக்கு வராமல் இருந்திருக்கிறது? அந்த 'இல்லாவிட்டால்' வெறுமனே கிடக்கும் என்று முருகனை நம்பினேன். தவமணியிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் காலை மேளம் உச்சத்துக்குப் போனது. குருக்கள்மார் குடங்களோடு கோபுரத்தின் மேல் நின்றார்கள். சனம் முழுவதும் அண்ணாந்து பார்த்தது. ஸ்விட்சர் வைத்திருந்த வேனுக்குள் நாலாம் மானிட்டரில் சாம்பலைத் தவிர ஒன்றும் இல்லை. "கோபி, வருதா?" என்று ஹெட்போனில் கேட்டேன். "இன்னும் இல்லண்ணா" என்றான். முகூர்த்தம் வந்துவிட்டது. தண்ணீர் கலசத்தில் விழுந்தது. "அமுக்குய்யா!" என்று தணிகாசலம் அண்ணன் என் தோளைத் தட்டினார். அமுக்கினேன். நாலாம் கேமராவின் விளக்கு எரியவில்லை. பழைய படத்துக்கான பக்கத்து விளக்கு எரிந்தது. நல்ல நீல வானத்தில் ஒரு கருடன் நிதானமாக வட்டமிட்டது.

பந்தலில் பெரிய திரை வைத்திருந்தார்கள். அதைப் பார்த்தவர்கள் "அரோகரா!" என்றார்கள். ஒரு பெண் வானத்தைக் காட்டி "அதோ, அதோ" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும் வேனிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தேன். ஒரு காக்கைகூட இல்லை.

முகாமுக்குத் திரும்பியபோது தவமணி டிவியில் விழாவைப் பார்த்துவிட்டு, முழுகி விளக்கேற்றி வைத்திருந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பல காலமாகக் கண்டதில்லை. முருகன் படத்துக்கு முன்னால் என்னால் பொய்யோடு நிற்க முடியவில்லை.

"தவம், அந்தக் கருடன் இஞ்சை எடுத்ததில்லை."

"தெரியும்" என்றாள். "இஞ்சத்தை வானத்துக்கு அந்த நிறம் ஏது? கண்ட உடனை விளங்கிட்டுது. அது எங்கடை வானமப்பா. அவன் அங்கை இருக்கிறான்."

"இல்லையப்பா, அது போன வருசம்..."

"அண்ணைக்குப் போன் எடுத்துச் சொல்லிப்போட்டன். அந்தியேட்டி வேண்டாம்."

நான் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். பட்டன், நிபந்தனை, தெற்கே எடுத்த படம், எல்லாம். அவள் பொறுமையாகக் கேட்டாள். "நீங்கள் மெசினுக்குச் சொன்னியள். கருடனுக்கு ஆர் சொன்னது?" என்று சோறு போட எழுந்து போனாள்.

ஈசனிடமிருந்து இன்றுவரை ஒரு சொல் வரவில்லை. அந்தியேட்டியும் நடக்கவில்லை. காலையில் கரியைத் துடைத்துவிட்டு முருகன் முன்னால் நிற்கிறேன். பக்கத்தில் தவமணி தம்பிக்கு நீண்ட ஆயுள் கேட்கிறாள். நான் அவன் ஆத்மா சாந்திக்குக் கேட்கலாமா என்று தெரியாமல் அவன் பெயரை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறேன். பிறகு வெளியே வந்து இருவரும் அண்ணாந்து பார்க்கிறோம். நான் பார்ப்பது கும்மிடிப்பூண்டியின் புகையை. அவள் பார்க்கிற வானம் நீலமாக இருக்கிறது.